சொந்தக்காரங்க அதிகம்

அக்கா: மெதுவாப் பேசுடா. மேல நடக்குற சத்தம் கேக்குது பாரு.

தம்பி: நோட்டைப் பார்த்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

அக்கா: அறையைப் பெருக்குற சாக்குல போனேன். தலையணைக்கு அடியில வெச்சிருக்கா. கையை வெச்சேன்... அதுக்குள்ள படியில காலடிச் சத்தம்.

தம்பி: கையை வெச்ச, அப்படியே ஒரு பக்கம் புரட்டியிருக்கலாம்ல?

அக்கா: நீ வந்து புரட்டேன்! பதினெட்டு வருஷமா மாடி அறையை வாடகைக்கு விடுறேன், ஒருத்தர் சாமானைத் தொட்டதில்ல. உன்னால இந்த வயசுல எனக்குத் திருட்டுப் புத்தி வந்திருக்கு.

தம்பி: தலையணைக்கு அடியில நோட்டை ஒளிச்சு வெக்கிறவ சும்மா ஊர் பார்க்க வந்தவளா?

அக்கா: அவ அப்படித்தானே சொல்றா. "சும்மா வந்தேன்க்கா"ன்னு.

தம்பி: சும்மா! நம்ம தீவுக்கு சும்மா யாரு வருவா? என்ன இருக்கு இங்க? ஒரு கடை, ஒரு கிணறு, உன் மூஞ்சி, என் மூஞ்சி.

அக்கா: என் மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்?

தம்பி: விளையாடாதே. மூணு நாளா படகு வரும்போதெல்லாம் துறையில வந்து நிக்கிறா. யார் ஏறுறா, யார் இறங்குறான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்குறா. எழுதுறா. நேத்து படகுலயும் கூடவே ஏறிப் போயிட்டு வந்தா. போன வாரம் படகு டிக்கெட்காரர் என்ன சொன்னார்?

அக்கா: நம்ம துறையைப் பத்திப் படகு ஆபீசுக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்கன்னார்.

தம்பி: "ஆள் வந்து பார்க்கும், ஜாக்கிரதை"ன்னும் சொன்னார். இந்த வாரம் இவ வந்து இறங்குறா. ஒத்தைப் பையோட. போட்டோ ஒண்ணு கூட எடுக்கலை. ஊர் பார்க்க வந்தவ போட்டோ எடுக்காம இருப்பாளா?

அக்கா: நான் வேற அவளுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்டா.

தம்பி: இன்னொண்ணு கேளு. முந்தாநாள் துறையில படகைக் கட்டும்போது காத்துல கயிறு என் கையை விட்டு நழுவிடுச்சு. நான் குனியறதுக்குள்ள இவ ஓடி வந்து பிடிச்சா. முளையில ரெண்டு சுத்துச் சுத்தி, காலை உதைச்சுச் சாஞ்சு இழுத்தா பாரு... எனக்கே அப்படி வராது. நகரத்துக்காரிக்கு அது எப்படித் தெரியும்?

அக்கா: அவங்க ஆபீசே படகு ஆபீஸ்தானே. சொல்லிக் கொடுத்திருப்பாங்க.

தம்பி: ...அதுவும் சரிதான்.

அக்கா: இப்போ இன்னைக்கு என்ன செய்யறது? அதைச் சொல்லு. பத்து மணிக்குப் படகு. அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கிற பட்டியல்படி இன்னைக்கு யார் யாரு?

தம்பி: நீ. தையல்காரர், அவர் சம்சாரம். கடைக்காரர் வீட்டுல மூணு பேர். வாளிக்காரர். டீச்சரம்மாவும் அவங்க மாமியாரும். வலை பின்னுற அண்ணன் தம்பி ரெண்டு பேர். பேக்கரிக்காரர். மொத்தம் பன்னெண்டு.

அக்கா: தையல்காரர் சம்சாரம் காலையில கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா. கணுக்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு.

தம்பி: என்னது! இதை இப்பவா சொல்றே?

அக்கா: கத்தாதே! மேல கேக்கும்.

தம்பி: பதினொண்ணுதானா அப்போ... இந்த மாசம் ஏற்கனவே ரெண்டு தடவை குறைஞ்சிருக்குக்கா. புயல் வந்த அன்னைக்கு ஒண்ணு, எல்லாருக்கும் காய்ச்சல் அடிச்சதே அன்னைக்கு ஒண்ணு. மூணாவது தடவை பன்னெண்டு பேருக்குக் குறைஞ்சா படகு நிக்கிற இடத்துல இருந்து இந்தத் துறையை அடிச்சுடுவாங்க. படகு தூரத்துல போறதைப் பார்த்துக் கை காட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

அக்கா: வேற யாரையாவது ஏத்து.

தம்பி: யாரை? நேத்துப் போனவங்க பாதிப் பேர் வாந்தி எடுத்துட்டு வந்திருக்காங்க, அலை அப்படி. மிச்சம் கைக்குழந்தையும் படுத்த படுக்கையும். தீவுல இருக்கிற நாற்பத்தொரு பேருல நான் எத்தனை பேரைத்தான் பிடிக்கிறது?

அக்கா: நீயே ஏறிடேன்.

தம்பி: நான் ஏறினா கயிறை யார் அவிழ்க்கிறது? படகு துறையை இழுத்துக்கிட்டா போகும்?

அக்கா: ...அவளையே ஏறச் சொன்னா?

தம்பி: நல்ல யோசனை! ஆபீஸ்காரியை வெச்சே ஆபீஸை ஏமாத்து. உனக்கு மூளை...

அக்கா: உஷ்! இறங்கி வர்றா.

வந்தவள்: அக்கா, உள்ள வரலாமா?

அக்கா: வாம்மா, வா வா! இப்பதான் உன்னைப் பத்தி... உனக்கு டீ போடணுமேன்னு பேசிக்கிட்டிருந்தோம்.

வந்தவள்: டீ போடறதைப் பத்தியா அண்ணன் அவ்வளவு சத்தமாப் பேசினாரு?

தம்பி: எங்க வீட்டுல எல்லாத்துக்கும் சத்தம்தான்மா.

வந்தவள்: சர்க்கரை நானே எடுத்துக்கறேன்க்கா, நீங்க உட்காருங்க. அந்த அலமாரியிலதானே?

அக்கா: அய்யோ, அதைத் திறக்காதே! எலி இருக்கு.

வந்தவள்: அலமாரியிலயா?

அக்கா: கதவுல.

வந்தவள்: கதவுல எலியா?

தம்பி: கதவுக்குப் பின்னாடின்னு சொல்றா. நேத்துல இருந்து பிடிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க டீயைக் குடிங்க. இது எத்தனாவது தீவு உங்களுக்கு?

வந்தவள்: அஞ்சாவது.

தம்பி: கூட யாரும் கிடையாது. ஏற்பாடு பண்ற கம்பெனி கிடையாது.

வந்தவள்: அதெல்லாம் எதுக்குண்ணே? உள்ளூர்ப் படகு எங்க நிக்குதோ அங்க இறங்கிடுவேன். மாவு மூட்டை மேல இடம் இருந்தா அதுல உட்கார்ந்துக்குவேன். யார் வீட்டுல இடம் கொடுக்கிறாங்களோ அங்க தங்கல். மூணாவது தீவுல படகைத் தவற விட்டுட்டேன். அடுத்தது நாலு நாள் கழிச்சுன்னாங்க. பள்ளிக்கூடத்துல ரெண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுத்தேன்.

அக்கா: அடக் கடவுளே! சாப்பாடு?

வந்தவள்: வீட்டுக்கு ஒரு வேளையா ஊரே போட்டுச்சு. போன தீவுல தபால்காரரே முடியும் வெட்டுறார், பல்லும் பிடுங்குறார். எனக்கு ரெண்டுமே வேணாம்னு சொல்லித் தப்பிச்சேன்.

தம்பி: அங்கெல்லாம் எத்தனை பேர் படகு ஏறுறாங்கன்னு எழுதினீங்களா?

வந்தவள்: எழுதினேனே.

தம்பி: எதுக்கு?

வந்தவள்: பழக்கம்.

தம்பி: நல்ல பழக்கம்தான்... சிலர் ஸ்டாம்ப் சேர்ப்பாங்க.

வந்தவள்: நான் ஒண்ணு கேக்கலாமாண்ணே? அந்தத் தையல்காரர் தினமும் மூட்டையோட அக்கரைக்குப் போறாரே, என்ன விஷயம்?

அக்கா: அவர் மச்சான் வீட்டுக்குத் துணி தைச்சுக் கொடுத்துட்டு வர்றார்.

தம்பி: பல் வலி.

வந்தவள்: ரெண்டுல எது?

அக்கா: மச்சான்தான் பல் டாக்டர்.

வந்தவள்: தினமுமா பல் வலி?

தம்பி: முப்பத்திரண்டு பல் இருக்குல்ல? ஒவ்வொண்ணாத்தானே பார்க்கணும்?

வந்தவள்: நேத்து நானும் அதே படகுல போனேன்ண்ணே. அக்கரையில இறங்கினவர் துறைமுகத்துப் பெஞ்சுல உட்கார்ந்தார். நாலு மணி வரைக்கும் எந்திரிக்கலை. மூட்டையைப் பிரிக்கவே இல்லை. அதே முடிச்சோட திரும்பிக் கொண்டு வந்துட்டார்.

தம்பி: மச்சான் வீட்டுல இல்லை போல.

வந்தவள்: பக்கத்துல வாளிக்காரர். மூடி போட்ட வாளி. அவரும் நாலு மணி வரைக்கும் அப்படியே. கடைக்காரர் வீட்டுக்காரங்க மூணு பேர் வெறுங்கையோட போய் வெறுங்கையோட வந்தாங்க. கடை வெச்சிருக்கிறவங்க ஒரு சாமான் கூட வாங்கலை. வாளியில என்னண்ணே இருக்கு?

தம்பி: தண்ணி.

வந்தவள்: சுத்தி எல்லாம் கடல். தண்ணியையா தூக்கிட்டுப் போறார்?

அக்கா: என்னம்மா நீ, போலீஸ்காரி மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கே! டீ ஆறுது, குடி. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க உனக்கு?

வந்தவள்: அவர் இருக்கார். ஒரு பொண்ணு. மூணு வயசாகப் போகுது.

அக்கா: அவ்வளவு சின்னப் பிள்ளையை விட்டுட்டா தீவு தீவா சுத்துறே?

வந்தவள்: ...அவர் பார்த்துக்குவார்க்கா. மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தா வடக்கே ஒரு தீவு தெரியுதே, மஞ்சக் கட்டடத்தோட. அங்க எப்படிப் போறது?

தம்பி: போக முடியாது. படகு நிக்கிறதில்லை.

வந்தவள்: முன்னாடி நின்னுச்சா?

தம்பி: நின்னுச்சு.

வந்தவள்: ஆளுங்க?

தம்பி: போயிட்டாங்க.

வந்தவள்: எங்கண்ணே?

தம்பி: எனக்கென்ன தெரியும்? அக்கரையில எங்கேயாவது இருப்பாங்க. அதை எல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?

வந்தவள்: நீங்க ஏன் துறையில நிக்கும்போது கூட வடக்குப் பக்கமே திரும்ப மாட்டேங்கறீங்கன்னுதான்.

அக்கா: மணி ஒன்பதரை ஆச்சு. எனக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரி போற நாள்மா. நான் கிளம்பறேன்.

வந்தவள்: வாரத்துல எத்தனை நாள்க்கா?

அக்கா: மூணு நாள். டயாலிசிஸ். ஒரு நாள் விட்டா கால் வீங்கிடும். ரெண்டு தடவை விட்டா... சரி, அது எதுக்கு இப்போ? வா, துறைக்கு நடப்போம். உனக்குத்தான் படகு பார்க்கப் பிடிக்குமே.

*

தம்பி: ஓரமா நில்லுங்கம்மா. கயிறு வந்து விழுற இடம்.

வந்தவள்: தெரியும்ண்ணே.

தம்பி: தெரியும்... உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அக்கா, நீ அந்தப் பெட்டி மேல உட்காரு. மூச்சு வாங்குது பாரு உனக்கு.

அக்கா: எத்தனை பேர் இருக்காங்கடா?

தம்பி: பேசாம உட்காரு.

அக்கா: பேக்கரிக்காரர் வந்துட்டாரா?

தம்பி: வந்துட்டார். கையெல்லாம் மாவோட நிக்கிறார். அவரோட சேர்த்துத்தான்...

வந்தவள்: பதினொண்ணு.

தம்பி: ...என்ன?

வந்தவள்: பதினோரு பேர் நிக்கிறாங்க. தையல்காரர் வீட்டம்மாவைக் காணோம். கணுக்கால் வீக்கம் இறங்கலையா இன்னும்?

அக்கா: அவ விழுந்தது உனக்கு எப்படி...

வந்தவள்: உங்க சமையல்கட்டுக்கு மேலதான்க்கா என் அறை. பலகைத் தரை. இடுக்கு வழியா இருமினாக்கூடக் கேக்குது.

தம்பி: அப்போ... எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?

வந்தவள்: கதவுல எலி இல்லைங்கறது வரைக்கும் கேட்டேன். இந்தாங்க.

தம்பி: என்ன இது?

வந்தவள்: நோட்டு. நேத்து அக்கா தொட்டுப் பார்த்து, விரல் அகலம் தள்ளி வெச்சுட்டுப் போனாங்களே, அதேதான். படிங்க.

அக்கா: நான் தொடலைம்மா! பெருக்கும்போது கை பட்டுச்சு...

தம்பி: "செவ்வாய். தையல்காரர், மூட்டை. பிரிக்கவில்லை. வாளிக்காரர், வாளி. மூடி திறக்கவில்லை. டீச்சர் மாமியாரோடு. பெஞ்சில் உட்கார்ந்து பின்னல் வேலை..." அக்கா, எல்லாம் இருக்கு. ஒருத்தர் விடாம எழுதியிருக்கா. யார் எந்த நாள் போவாங்கன்னு கூடக் கண்டுபிடிச்சுட்டா.

அக்கா: அடப்பாவி மகளே... என் கையால சோறு தின்னுக்கிட்டா இதை எழுதினே?

வந்தவள்: ஆமாக்கா.

அக்கா: ஆமாவா? சுடுதண்ணி கேட்டே, வெச்சுக் கொடுத்தேன். குளிருதுன்னே, என் கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாத்துக்கும் சேர்த்து என் தலையில கல்லைத் தூக்கிப் போடத்தான் வந்தியா?

தம்பி: விடுக்கா. அவ வேலை அது. பாரும்மா, குட்டு உடைஞ்சு போச்சு, இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? நீங்க எழுதினது எல்லாம் நிஜம். இந்தத் துறையில நிஜமாப் போக வேண்டியவங்க தினமும் ரெண்டு பேரோ மூணு பேரோதான். இன்னைக்கு என் அக்கா ஒருத்திதான். மத்த பத்துப் பேரும் அவளுக்காக ஏறுறாங்க. போய்ப் பெஞ்சுல உட்கார்ந்துட்டு வர்றாங்க. அந்த டிக்கெட்காரர் கையில ஒரு பொத்தான் மிஷின் இருக்குல்ல, ஆள் ஏற ஏற அமுக்குவாரே... அது பன்னெண்டைக் காட்டணும். அதுக்குத்தான் இத்தனை கூத்து.

அக்கா: வாளியில ஒண்ணுமே இல்லைம்மா. வெறுங்கையோட போனா சந்தேகம் வரும்னு அவரா தூக்கிட்டுப் போறார்.

வந்தவள்: எத்தனை வருஷமா?

தம்பி: மூணு வருஷமா. ஒருத்தரும் முடியாதுன்னு சொன்னதில்லை. பேக்கரிக்காரர் அடுப்பை அணைச்சுட்டு வர்றார். டீச்சரோட மாமியாருக்குக் கடல்னாலே குலை நடுங்கும், கண்ணை மூடிக்கிட்டு ஏறுறாங்க. நீங்க ஆபீஸ்ல போய் எழுதுங்க. ஆனா இதையும் சேர்த்து எழுதுங்க.

அக்கா: படகு திரும்புதுடா. அதோ.

தம்பி: பார்த்துட்டேன். இன்னும் ஒண்ணு சொல்லணும். கேட்டீங்களே, வடக்குத் தீவுக்காரங்க எங்கன்னு... நான் முழுசாச் சொல்லலை.

அக்கா: டேய், அது எதுக்கு இப்போ?

தம்பி: சொல்லிடறேன்க்கா. ரெண்டு வருஷமா நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துது. யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. அப்போ அவங்க துறைக்கும் இதே பன்னெண்டுதான் கணக்கு. அன்னைக்கு நல்ல மழை. படகு இங்க வந்து நின்னுச்சு. ஓரமா ஒருத்தி உட்கார்ந்திருந்தா, மழைக்கோட்டைத் தலை வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு. மடியில குழந்தை, எட்டு மாசம் இருக்கும். அது தன் மஞ்சத் தொப்பியைக் கழட்டித் தண்ணியில வீசிடுச்சு. நான் கொக்கிக் கழியால எடுத்து, பிழிஞ்சு கொடுத்தேன். அப்போ அவ கேட்டா.

வந்தவள்: என்ன கேட்டா?

தம்பி: "எங்க தீவுல எவ்வளவு முயற்சி பண்ணியும் ஒன்பதைத் தாண்டலை. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே பன்னெண்டு சேருது?"ன்னு கேட்டா.

வந்தவள்: நீங்க?

தம்பி: ஒரு வார்த்தை போதும்மா. "பட்டியல் போட்டு ஏறுங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ரெண்டு தீவும் ஒரே வேலையைச் செஞ்சா ஆபீசுக்குச் சந்தேகம் வரும், எங்க படகும் போயிடும்னு பயம். அக்கா முகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்... "எங்களுக்குச் சொந்தக்காரங்க அதிகம்மா, போக வர இருப்பாங்க"ன்னு.

வந்தவள்: அவ நம்பிட்டாளா?

தம்பி: அவ முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் வரலை. மூணே மாசம். அங்க படகு நிக்கிறது நின்னு போச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் அந்த மஞ்சக் கட்டடம், அதைப் பூட்டினாங்க. வீடு வீடா மூட்டை கட்டிக்கிட்டுப் போனாங்க. நான் இங்கேயே நின்னு பார்த்தேன். அதான் அந்தப் பக்கம் திரும்பறதில்லை. போதுமா?

அக்கா: எனக்காகத்தான்மா அவன் வாயை மூடிக்கிட்டான். எழுதுறதா இருந்தா என் பேரை எழுது.

தம்பி: எல்லாரும் தள்ளி நில்லுங்க, கயிறு வருது! ...பிடிச்சாச்சு. அக்கா, நீ முதல்ல ஏறு. பார்த்து, பலகை ஈரமா இருக்கு. தையல்காரரே, அவ கையைப் பிடிச்சுக்கோங்க.

அக்கா: பதினொண்ணுதானேடா... இன்னையோட முடிஞ்சுதா?

தம்பி: நீ ஏறுக்கா. இன்னைக்கு ஆஸ்பத்திரியைப் பாரு. நாளைக்கு விஷயத்தை நாளைக்குப் பார்ப்போம்.

வந்தவள்: அண்ணே, கயிறை அவிழ்க்காதீங்க.

தம்பி: இன்னும் என்னம்மா?

வந்தவள்: நானும் ஏறணும்.

தம்பி: நீங்களா? உங்க பை மேல அறையில இருக்கே.

வந்தவள்: இருக்கட்டும், நாலு மணிப் படகுல திரும்பி வந்துடுவேன்.

தம்பி: அப்போ நோட்டு? ஆபீசுக்கு எதைக் காட்டுவீங்க?

வந்தவள்: நான் ஆபீஸ் இல்லைண்ணே. மொட்டைக் கடுதாசி போட்டதே நான்தான். யாரும் வந்து பார்த்த மாதிரி தெரியலை. சரி, நாமே நேர்ல போய் எண்ணி, ஆதாரத்தோட எழுதுவோம்னு கிளம்பினேன். படகு நிக்கிற தீவு எல்லாம் போனேன். எங்கேயும் இந்தக் கூத்து இல்லை, இங்க மட்டும்தான்.

தம்பி: உனக்கு இந்தத் தீவு மேல என்னம்மா அவ்வளவு கோபம்? யாரு நீ?

வந்தவள்: அந்த மஞ்சத் தொப்பி என் பொண்ணுக்கு இப்போ பத்தாதுண்ணே. ஆனா நீங்க சொன்ன வார்த்தை எனக்கு மறக்கலை. உங்களுக்கு அப்படி எத்தனை சொந்தக்காரங்கன்னு எண்ணிட்டுப் போகத்தான் வந்தேன்... டிக்கெட்காரரே, பொத்தானை அமுக்குங்க. என்னையும் சேர்த்துப் பன்னெண்டு.